வலி நின்றபின் மருந்து எதற்கு?

தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் நம் பெரியோர் சிலர் வினவுவதுண்டு: "கால் பெருவிரலை வாட்டும் யூரிக் அமில வாதம் அசாதா வேதனீய வினையின் பயனன்றோ? பொறுத்துக் கழிக்காமல் நாள்தோறும் மாத்திரை உண்பது உடற்பற்று ஆகாதா?"

நோய் பொறுத்தல் துறவியர்க்குரிய 22 பரீஷஹங்களுள் ஒன்று. அத்துறவியர்க்கும் மருந்தளித்தலை ஔடத தானம் எனப் போற்றுகிறோம். அங்ஙனமாயின், இல்லறத்தார் மருந்துண்பது எவ்வாறு குற்றமாகும்?

புலால் உண்ணாதார்க்கும் இந்நோய் வரும். சிறுநீரகம் அவ்வமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாமையே பெரும்பாலும் காரணம். ஆதலின் நோயுற்றாரைப் பழித்தல் தகாது.

நம் தத்துவமே இதனை விளக்கும். 1960-களிலிருந்து வழங்கும் அல்லோபியூரினால் போன்ற மருந்தால், இரத்தத்தில் அளவு டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ் நின்றால் புதிய படிகங்கள் மூட்டில் சேரா. இது செறிப்பு போன்றது. பழையன மெல்லக் கரையும். இது உதிர்ப்பு போன்றது. வலி நின்றதும் மருந்தைக் கைவிடுவோர் ஊற்றின் வாயிலை மீண்டும் திறக்கின்றனர். வலியின்மை வேறு, வினை தீர்தல் வேறு. வீட்டிலேயே விரல்நுனித் துளி இரத்தத்தைச் சோதித்தல் அவ்வாயிலைக் காக்கும் விழிப்பேயாம்.

நெடிய உண்ணாநோன்பு இவ்வமிலத்தை உயர்த்தும். ஆகவே மருத்துவரைக் கலந்தே நோன்பு ஏற்போம். இயலாதவர் ஒரு சுவையையேனும், சினத்தையேனும் துறப்போம். அதுவும் தவமே.