கையெழுத்தைக் காட்டட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் கடன் வாங்குவது வெட்கப்படுகிற காரியமில்லை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துத் திராட்சைப் பந்தல் போட, வாழை தார் தள்ளும்வரை உரம் மருந்து வாங்க, போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடிக்க, பிள்ளையைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் முதலில் கடன்தான். வெட்கமெல்லாம் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதில்தான். ‘வாங்குன காசக் குடுக்காத வீடு’ என்று பேர் விழுந்துவிட்டால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற இடம்வரை அது வந்து நிற்கும். இந்த மான உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஈடு வைக்க ஒன்றும் இல்லாதவனுக்கும் இங்கே அவசரத்துக்குப் பணம் கிடைக்கிறது என்றால் அதை நம்பித்தான்.

அதே மானத்தைப் பிடித்துத் தொங்கித்தான் இன்று ஒரு தொழிலும் நடக்கிறது. எப்போதோ வாங்கியதாகச் சொல்லப்படும் கடனை, நாம் பேர்கூடக் கேள்விப்படாத ஒரு வசூல் நிறுவனம் போன் போட்டுக் கேட்கிறது. கேட்டவுடன் கட்டிவிடுவதுதான் நாணயமா? ஆதாரம் கேட்டு மறுத்தால் நாணயம் கெட்டவர்கள் ஆகிவிடுவோமா? எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வி வந்தது.

சின்னமனூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்குத்தான் அந்த அழைப்பு. பெரியப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவர் பம்புசெட்டுக்காக ஒரு வங்கியில் கடன் வாங்கினாராம், அது நிலுவையில் இருக்கிறதாம், வங்கியிடமிருந்து அந்தக் கணக்கை இவர்கள் வாங்கிவிட்டார்களாம். விடிந்தும் விடியாத நேரத்தில் கூப்பிட்ட பையன் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். “அம்மா, அய்யா வாழ்ந்த வாழ்க்கைக்கு இப்பிடி ஒரு பேரு வரலாமா? முழுசா வேணாம். இன்னைக்கு ரெண்டாயிரம் மட்டும் போட்டு விடுங்க. மிச்சத்த அப்புறம் பேசிக்கிருவோம்.”

நான் போனபோது பெரியம்மா தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். “செத்தவரு பேரச் சொல்லிக் கேக்குறானப்பா. குடுத்துத் தொலச்சிருவோம்” என்றார். அப்படி ஒரு கடன் இருந்ததா என்று அவருக்குத் தெரியாது. தெரியாத கடனுக்குத் தோட்டைக் கழற்ற வைத்தது, ‘இப்பிடி ஒரு பேரு வரலாமா’ என்ற அந்த ஒரு வாக்கியம்.

பெரியப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து கொட்டினோம். கூட்டுறவுச் சங்க ரசீதுகள், தீர்வை ரசீதுகள், கம்பியில் குத்தி வைத்திருந்த உரக்கடைச் சீட்டுகள். அடியில் ஒரு மஞ்சள் பையில் பழைய புரோநோட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி போட்டு, தொகை எழுதி, கையெழுத்தோடு வரவு வைத்திருந்தது. முன்பக்கத்தில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் போட்ட கையெழுத்தைக் குறுக்கே கோடிழுத்து அடித்து, ‘அசலும் வட்டியும் பைசல்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். பம்புசெட்டுக் கடன் பற்றி ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அந்த நோட்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டிக்கு விட்டவர்களை நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்த மாநிலம் இது. ஆனாலும் அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு முறை இருந்தது. கொடுத்தவன் நோட்டைக் காட்டித்தான் கேட்பான். கட்டியவன் நோட்டை வாங்கிக்கொண்டுதான் திண்ணையை விட்டு எழுந்திருப்பான். ‘நோட்டக் காட்டு’ என்று கேட்பதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொண்டதில்லை. மூன்றாம் வருடம் முடியப் போகிறதென்றால் கொடுத்தவனே வீடு தேடி வந்து, ‘நோட்டு காலாவதியாகப் போகுது, மாத்தி எழுதிக் குடுத்துரு’ என்பான்.

அந்த மூன்று வருடக் கணக்கு, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் இருப்பது. அடமானம் இல்லாத சாதாரணக் கடனுக்குப் பணம் திரும்ப வர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்திருந்தால் 12 ஆண்டு. மூன்று ஆண்டு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், கொஞ்சம் கட்டி அதற்கு நம் கைப்பட எழுத்து இருந்தாலும், கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு தாண்டிய கடனுக்குக்கூட ‘தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதைச் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்கிறது. ‘ரெண்டாயிரம் மட்டும் போடுங்க’ என்பது கருணையால் வருவதில்லை. ஒரு தொகை வாங்கி, அதைச் சாக்கிட்டு ஒரு கையெழுத்தும் வாங்கிவிட்டால், ஆதாரமில்லாத கடனுக்கு ஆதாரம் நம் கையாலேயே பிறந்துவிடும்.

பெரியம்மா கேட்டார்: “நெசமாவே அவரு வாங்கியிருந்தா?”

இதை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. காலக்கெடு முடிந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை என்று பம்பாய் டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சட்டம் விட்டாலும் மனசு விடாது என்று நினைக்கிறவர்கள்தான் எங்கள் பக்கத்து ஆட்கள். அந்த நினைப்பு சரிதான். ஆனால் மனசாட்சி பதில் சொல்ல வேண்டியது உண்மைக்கு. போனில் வரும் குரலுக்கு இல்லை. வாங்கியது மெய்யென்று தெரிந்த பிறகு கொடுப்பது நாணயம். தெரியாமலே கொடுப்பதைப் பயம் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, கடனை விலைக்கு வாங்கியவனுக்கு விற்றவனைவிடக் கூடுதல் உரிமை எதுவும் வந்துவிடாது. வங்கி எந்தத் தாளைக் காட்ட வேண்டுமோ அதே தாளை இவனும் காட்டத்தான் வேண்டும். கணவன் கடனுக்கு மனைவி ஜாமீனோ கூட்டுக் கையெழுத்தோ போடவில்லையென்றால், அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. பெரியம்மாவின் தோடு அவர் தாய்வீட்டுச் சீதனம்.

விரைவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டோம். ‘இப்படி ஒரு கடன் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை’ என்பது முதல் வரி. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல், பணம் கொடுத்த தேதி, கடைசியாகக் கட்டிய தேதி, வங்கி உங்களுக்கு விற்ற ஆவணம், இவற்றை அனுப்புங்கள் என்று மீதி. ஒற்றைத் தாள் ஒன்று பதிலாக வந்தது. அதில் அசல், வட்டி, மொத்தம் மட்டும். அசலைவிட வட்டி பல மடங்கு. பெரியப்பாவின் இனிஷியல்கூடத் தப்பு. கையெழுத்து எங்கேயும் இல்லை. கையெழுத்தைக் கேட்டு மறுபடி எழுதினோம். அதோடு சரி, கடிதமும் இல்லை, அழைப்பும் இல்லை.

இதற்கிடையில் பெரியம்மா சொன்ன ஒன்றுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. “கையெழுத்தக் காட்டட்டும். அது அவரு கையெழுத்துன்னா தோட்ட வித்தாவது கட்டுறேன்.” இவ்வளவு நேர்மையான வார்த்தையைப் போனில் சொல்லிவிடாதீர்கள், எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. நல்லவர்கள் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைக்காகவே காத்திருக்கும் தொழில் இது. அதில்தான் எனக்கு ஆறாத கோபம்.

பயத்தின் விலை என்ன என்பதைப் பக்கத்து மதுரை 2016-ல் பார்த்தது. ஸ்டேட் வங்கி தன் கல்விக்கடன்களில் ஒரு பகுதியை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்த நேரம். பொறியியல் படித்து வேலை கிடைக்காத ஒரு இளைஞர், வசூல் நெருக்கடியில் தன்னையே மாய்த்துக்கொண்டார். அவர் கடன் மெய்யானதுதான். மெய்யான கடனுக்கும் மிரட்டிக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனைக் கேட்டுக் கூப்பிடக் கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

தேனியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இருந்து வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவின் பெட்டியைத் திறந்து, கட்டி முடித்த கடன்களின் ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். வங்கிக் கடன் முடிந்திருந்தால் நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தெரியாத கடனைக் கேட்டு யாராவது கூப்பிட்டால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவால் கடிதம் எழுத முடியாதென்றால் உட்கார்ந்து நீங்கள் எழுதிக் கொடுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் அந்த நிறுவனத்திடமே முதலில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அதுவரை வீட்டில் யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.