பதக்கம் போனால் மனிதனும் போவானா?

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். ஆயிரமாயிரம் கரங்கள் வடம் பிடிக்கின்றன; தேர் அசைகிறது; கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஊரே தேரைப் பார்த்து வியக்கிறது. இழுத்த கைகளை எவர் பார்த்தார்? எனினும் அக்கைகள் அழுவதில்லை. மறுநாள் ஒரு கை தறியில் இருக்கும், ஒரு கை ஏரில் இருக்கும், ஒரு கை பால்கோவாச் சட்டியில் துடுப்பைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தேர் நின்றது, கைகள் நிற்கவில்லை!

இக்காட்சியை எனக்கு நினைவூட்டினான் இராசபாளையத்து இளைஞன் ஒருவன். நூற்பாலைத் தொழிலாளியின் மகன். கபடிக் களத்தில் புலி. ஒரு மாலைப் பொழுதில் முழங்கால் தசைநார் அறுந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி சுற்றிய காலை நீட்டியபடி என்னிடம் கேட்டான்: "ஐயா, ஊரார் என்னை ஆட்டக்காரன் என்றே அறிவார்கள். ஆட்டம் போய்விட்டது. இனி நான் யார்?"

சிறு கேள்வியா அது? 'நீ யார்?' என்ற வினாவுக்கு இந்நாடு நெடுங்காலம் ஒரே விடையைத்தான் வைத்திருந்தது: பிறந்த குலத்தைச் சொல்! இராசபாளையத்து நாய்க்கு வமிசம் பார்த்து விலை பேசுவர். அது நாய்ச் சந்தையின் நெறி. அதே நெறியை மனிதனுக்கும் வைத்தனரே, அதுவன்றோ கொடுமை! பிறப்பால் உயர்வில்லை என்றோம். உழைப்பே உயர்வு என்றோம். நன்று. ஆனால், உழைப்புக்கு ஊர் சூட்டும் மாலையையே உயர்வென்று மயங்கிவிட்டோம். மாலையைச் சூட்டிய கை அதைக் கழற்றவும் வல்லது என்பதை மறந்தோம்.

மறந்ததன் விலை என்ன? புதுக்கோட்டை மாவட்டக் கத்தக்குறிச்சியைக் கேளுங்கள். செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்து மகள் சாந்தி சௌந்தரராசன், 2006-ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். வறுமையை வென்ற கால்கள் அவை! ஆனால் பாலினச் சோதனை ஒன்றைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தனர். பதக்கத்தோடு விட்டனரா? 'நீ பெண்ணே அல்ல' என்று உலகறியப் பேசினர். அவர் ஓடி முடித்த ஓட்டம் ஓடியதுதான். சிந்திய வியர்வை சிந்தியதுதான். ஏட்டிலிருந்து பெயரை அடித்தால் வியர்வை மீண்டும் உடலுக்குள் புகுந்துவிடுமா?

தமிழ்நாட்டு அரசு, பதக்கம் பறிபோன பின்னும் 15 இலட்சம் ரூபாய் பரிசளித்தது. ஆயினும் உயிரையே வெறுத்த நாள்கள் அவருக்கு வந்தன. மீண்டும் செங்கற்சூளைக்கே கூலிக்குச் சென்ற நாள்களும் வந்தன. அவற்றையெல்லாம் கடந்து சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பித்தார். பயிற்றுநர் கல்வி முடித்தார். 2016-இல் அரசின் தடகளப் பயிற்றுநர் ஆனார். பறித்தவர்கள் பறித்தது வெள்ளியை. கற்றதைப் பறிக்க அவர்களால் இயலவில்லை.

கடல் கடந்தும் பார்ப்போம். இங்கிலாந்தின் ரோசர் பானிஸ்டர், 1954 மே 6-ஆம் நாள், ஒரு மைல் தொலைவை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். அதே ஆண்டு ஓடுகளத்தை விட்டு விலகினார். வாழ்நாளெல்லாம் நரம்பியல் மருத்துவராய் வாழ்ந்தார். மருத்துவப் பணியையே தம் பெரும்பேறாகக் கருதினார்.

'ஆகா, உள்ளம் உறுதியாயிருந்தால் போதும்' என்று முடித்துவிடலாமா? கூடாது! பானிஸ்டர் ஓடி முடித்தபோது அவர் கையில் மருத்துவப் பட்டம் இருந்தது. சாந்திக்குக் காத்திருந்ததோ சூளை. ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டு ஒரு பொழுதுபோக்கன்று. வறுமைக் குழியிலிருந்து மேலேறும் ஒரே ஏணி. ஏணியை எட்டி உதைத்துவிட்டு, 'மனம் தளராதே' என்று அறிவுரை கூறுவது அறமாகாது.

'பிறர்க்குப் பயன்பட்டால்தானே மதிப்பு? பயன்படாதவன் மதிப்பற்றவனா?' எனக் கேட்கலாம். இங்கே இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று தன்மானம், மற்றொன்று வாழ்வின் நோக்கம். தன்மானம் வென்று பெறுவதன்று. மனிதன் என்பதாலேயே உரியது. தோற்றவனுக்கும் உண்டு, நொண்டியவனுக்கும் உண்டு. பயன்பட்டதற்குக் கூலியாக அதை எவரும் வழங்க வேண்டியதில்லை. பயன்படவில்லை என்று பறிக்கவும் எவருக்கும் உரிமையில்லை. நோக்கமோ தேடிப் பெறுவது. ஒரு நோக்கம் முடிந்தால் மற்றொன்றைத் தேடலாம். இரண்டையும் ஒன்றெனக் குழப்பியதால்தான், ஆட்டம் முடிந்த அன்றே ஆளும் முடிந்தான் என்று அந்த இளைஞன் அஞ்சினான்.

அவனிடம் சொன்னேன்: "தம்பி, ஆடியது உன் கால் மட்டுமா? எதிரியின் கண்ணைப் படித்தது உன் அறிவு. மூச்சை அடக்கியது உன் உறுதி. விழுந்த தோழனைத் தூக்கியது உன் அன்பு. அறுந்தது ஒரு நார். அதற்காக அழு, அழுவது இழிவன்று. ஆனால் 'நான் யார்' என்று ஊரைக் கேட்காதே. ஊர் தேரைப் பார்க்கும், கையைப் பாராது."

அவனுக்குச் சொன்னது அது. நமக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. வென்ற நாளில் தோளில் தூக்கினோம். வீழ்ந்த நாளில் வீதியில் விட்டோம். விளையாடும் பிள்ளையின் கையில் பந்தோடு புத்தகத்தையும் கொடுத்தோமா? களம் முடிந்தபின் கால் ஊன்ற ஒரு தொழிலைக் காட்டினோமா? கைதட்டத் தெரிந்த கைகளே, தாங்கவும் கற்றுக்கொள்ளுங்கள்!