அழுக்கும் மாசும் தீட்டும்

சொல்லைப் பொருளறிந்து ஆள வேண்டும் என்பதில் சமணச் சான்றோர் காட்டிய அக்கறையைத் தமிழுலகம் நன்கறியும். நன்னூல் தந்த பவணந்தி முனிவர் பிறந்த ஊராக, நம் கொங்கு நாட்டில் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் போற்றப்படுகிறது. சூடாமணி நிகண்டு பாடிய மண்டல புருடரும் சமணரே. அவர்கள் வழிவந்த நாம், நாள்தோறும் வழங்கும் ஒரு சொற்குடும்பத்தைச் சற்றே ஆராய்வோம். தூய்மையின்மையைக் குறிக்கும் சொற்கள் அவை.

அழுக்கு உடலிலும் உடையிலும் படிவது, கழுவினால் நீங்கும். துகள் மேலே ஒட்டுவது, உதறினாலே போய்விடும். கசடு அடியில் தங்குவது. தெளிய வைத்து வடிக்க வேண்டும். கறை உள்ளே ஊறிவிடுவது. வாழைக்கறை பட்ட வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் அடையாளம் எஞ்சும். மாசு என்னும் சொல்லோ அழுக்கையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். மனத்தில் மாசில்லாதிருப்பதே அறம் என்று வள்ளுவர் வரையறுத்தபோது, அச்சொல் புறத்திலிருந்து அகத்திற்குள் புகுந்தது. இவை அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இவை கூறும் பொருளோ குற்றமோ மெய்யாகவே உள்ளது. அது வந்த வழியும் உண்டு. நீக்கும் முயற்சியும் உண்டு.

தீட்டு என்னும் சொல் இவற்றோடு சேராது. அது தீண்டு என்னும் வினையடியாகப் பிறந்தது. தீட்டுப்பட்டதாகக் கூறப்படும் குவளையை எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் அதில் அழுக்கும் இல்லை, துகளும் இல்லை. ஒருவர் கை பட்டது என்ற எண்ணம் மட்டுமே அதில் உள்ளது. பிறப்பு இறப்புகளுக்கு வீடுகளில் காக்கும் தீட்டு சில நாட்களில் கழிந்துவிடும். ஒரு மனிதரின் குலத்தின்மேல் ஏற்றப்பட்ட தீட்டோ அவர் ஆயுள் முழுதும் கழிவதில்லை. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950-இல். அதன் பின்னரும் கொங்குச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நீடித்ததை நாம் அறிவோம்.

நம் ஆகமம் இதுபற்றி யாது கூறுகிறது? பன்னிரு சிந்தனைகளுள் ஆறாவது அசுசி, அதாவது உடலின் தூய்மையின்மையை எண்ணிப் பார்த்தல். எல்லா உடலும் இயல்பிலேயே தூய்மையற்றது என்பது அதன் கருத்து. அவ்வாறாயின், என் உடல் தூயது, அவர் உடல் தீயது என்று பிரிக்க இடமேது? மும்மணிகளே உடலைத் தூய்மையாக்கும் என்றும், நற்காட்சி உடையவர் சண்டாள குலத்திற் பிறந்தவரேனும் சாம்பல் மூடிய தணல்போல் உள்ளே ஒளிர்பவர் என்றும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் அருளினார். நற்காட்சியின் மூன்றாம் அங்கமாகிய நிர்விசிகித்சை என்பது அருவருப்பின்மையே. அதற்குச் சான்றாக நிற்பவன் உத்தாயன மன்னன். அவனைச் சோதிக்க நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை அவன்மீதே உமிழ்ந்தான். அங்கே மெய்யாகவே அழுக்கு இருந்தது. மன்னன் உள்ளத்தில் அருவருப்பு இல்லை.

தூய்மை பேணுதல் நம் நெறியல்லவா என்று சிலர் வினவலாம். ஐயமின்றி நம் நெறியே. ஆனால் நீரை வடிகட்டிப் பருகுவது எவரையோ அருவருத்து அன்று. அந்நீரில் வாழும் சிற்றுயிர்கள்மேல் கொண்ட அருளினால் ஆகும்.

அத்தகைய நீருக்கு நம் கண்ணெதிரே என்ன நேர்ந்தது? வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தெளிந்து பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கிறது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாயிற்று. நிலமும் கிணறும் உவர்ப்பேறின. கழிவுநீரை முற்றிலும் சுத்திகரித்து, ஒரு துளியும் வெளிவிடாத ஏற்பாட்டைச் செய்யாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அசுசியை அடுத்து ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்னும் சிந்தனைகள் வரிசையாக வருவதை இங்கு நினைவுகூர்தல் தகும். உள்ளே வருவதை முதலில் அடைக்க வேண்டும். பின்னரே சேர்ந்ததை உதிர்க்க இயலும். வினைக்குக் கூறிய அந்த முறை ஆற்றுக்கும் பொருந்துகிறது.

ஓர் ஆற்றையே மாசாக்கியவரை யாரும் வாயிலில் நிறுத்தித் தீட்டு என்று கூறியதில்லை. ஆனால் நாம் சேர்த்த அழுக்கை அகற்றச் சாக்கடையில் இறங்குபவர் வாயிலிலேயே நிறுத்தப்படுகிறார். கையால் மலம் அள்ளும் தொழிலை 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. எனினும் அத்தொழில் செய்தோர்மேல் ஏற்றிய சொல்லைச் சட்டத்தால் மட்டும் நீக்க இயலாது. அழுக்கு செய்பவரைத் தூயவர் என்றும், அதை நீக்குபவரைத் தீட்டு என்றும் வழங்குவது சொற்பிழை மட்டுமன்று, வாய்மைக்கே மாறானது.

ஆகவே அன்பர்களே, நம் இல்லத்துச் சாக்கடையைச் சீர்செய்ய வருபவர் நண்பகலில் தாகத்திற்கு நீர் கேட்கும்போது, நாம் பருகும் குவளையிலேயே கொடுப்போமாக. பருகியபின் அக்குவளையையும் மற்றக் குவளைகளைக் கழுவுவதுபோலவே கழுவி வைப்போமாக. அதை நம் சிறுவர்கள் பார்த்து வளரட்டும்.