அந்தத் தாயைக் கேட்காதீர்கள்

ஒரு பையனுக்குப் பிறந்தபோதே இதயத்தில் குறை. பால் குடித்தால் மூக்கு வழியாக வரும். பள்ளியில் பாடம் பின்தங்கியது. இருபது வயதில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்கிறான். உடனே வீட்டில் ஒரு குரல் எழும்: "வயிற்றில் இருக்கும்போது இவள் என்ன செய்தாளோ?" அந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போவது. பெரும்பாலும் சுமார் 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுள்ள துண்டு அது. அதன் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரேமாதிரியான டி.என்.ஏ. தொடர்கள் இருக்கின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது அவை இடம்மாறிப் பொருந்தினால், நடுவில் உள்ள மரபணுக்கள் விடுபட்டுவிடும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது புதிதாக நேர்ந்ததுதான். தாய் தின்ற பப்பாளியோ, கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததோ, எந்தச் சாபமோ இதைச் செய்யவில்லை.

இந்த இழப்பு உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வருகிறது. மற்ற மூவருக்கு வருவதில்லை. ஆகவே பிள்ளையை முன்கூட்டியே கைகழுவுவது பெரும் பாவம். அறிகுறி தெரிந்தும் "வயசுக் கோளாறு" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் அதே அளவு பாவம். தூக்கம் கெட்டு, அறைக்குள் அடைந்து, எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினால் அந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். கோயிலுக்கும் போங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? மருத்துவர் தரும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

போகும்போது பழைய இதய அறுவைச் சிகிச்சைக் கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். "மனசுக்குப் பார்க்கும் டாக்டருக்கு அது எதற்கு" என்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். அவருக்குத்தான் அது அவசியம்: இதயக் குறையும் மனநோயும் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் இந்த இழப்பை அவர் சந்தேகிக்க முடியும். மேலும், இந்த இழப்பு உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரக்கூடும். மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின் மாத்திரையிலும் வலிப்பு அபாயம் கூடுதல். மருத்துவர்களே, நீங்களும் கேளுங்கள். வழக்கமான குரோமோசோம் பரிசோதனை இந்தச் சிறு இழப்பைத் தவறவிடும். மைக்ரோஅரே போன்ற பரிசோதனை வேண்டும்.

இந்த இழப்பு உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. திருமணப் பேச்சில் இதை மறைப்பது துரோகம். பத்தில் ஒருவருக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வருகிறது என்பதால், அடுத்த குழந்தைக்கு முன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தாய் மட்டுமல்ல, தந்தையும் ரத்தம் கொடுக்க வேண்டும்.