சிப்ஸ் பாக்கெட்டும் நன்னனின் மாங்காயும்

2025 மே மாதம் மேற்கு வங்கத்தின் பான்ஸ்குராவில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். கடையில் சிப்ஸ் பாக்கெட் திருடினான் என்று சொல்லி, பலர் பார்க்கத் தோப்புக்கரணம் போட வைத்தார்கள் என்பது செய்தி. தான் திருடவில்லை என்று அம்மாவுக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எடுத்தானா இல்லையா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். எடுத்தே இருந்தாலும் இது தகுமா? கடையில் கைவைத்த பிள்ளையைக் கண்டிக்கலாம், திருத்தலாம். திருடன் என்ற பெயரைச் சூட்டி, வேலை தேடும் வயது வரை அது அவனைத் துரத்த விடுவது அறமே அல்ல.

இது நம் மரபுக்குப் புதிய வழக்கும் அல்ல. ஆற்றில் மிதந்து வந்த காய் ஒன்றைத் தின்றாள் என்பதற்காக ஓர் இளம்பெண்ணைக் கொல்லச் சொன்னான் சங்ககால மன்னன் நன்னன். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் இறங்கிவரவில்லை. பரணர் அதைக் குறுந்தொகையில் பழித்துப் பாடினார். பின்னாளில் பெருந்தலைச் சாத்தனார், அந்த நன்னன் வழியில் வந்தவன் என்பதையும் சொல்லி, இளவிச்சிக்கோ என்ற சிற்றரசனைத் தழுவ மறுத்தார் என்பது புறநானூற்றில் இருக்கிறது. தமிழ்ப் புலவர்கள் தலைமுறை கடந்தும் மன்னிக்காதது காயைத் தின்றவளை அல்ல, தண்டித்தவனை.

குற்றத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாத அளவுக்கு மட்டும் ஒறுப்பதே அரசு என்கிறார் வள்ளுவர். கோலை ஓங்குவது கடுமையாக இருக்கலாம், விழுவது மெதுவாக இருக்க வேண்டும் என்பதும் அவர் வாக்கே. ஆராயாமல் திருட்டுப் பட்டம் கட்டிய பாண்டியனுக்கு என்ன நேர்ந்தது என்று சிலப்பதிகாரம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிமேகலையோ சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கச் செய்தாள்.

கடைக்காரரின் நஷ்டமும் நஷ்டம்தான். பொருளுக்குரிய காசை வாங்கிக்கொள்ளட்டும், பெற்றோரை வரச் சொல்லட்டும். அதற்குமேல் அவர் நீதிபதி ஆக முடியாது.

நம் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 2016 மாதிரி விதிகளின்படி, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இல்லாவிட்டால், இத்தகைய சிறு திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். கூடப் போடுவதில்லை, நாட்குறிப்பில் பதிந்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். குழுமம் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். குற்றம் நிரூபணமானாலும் அதனால் வரும் தகுதியிழப்பு எதுவும் அந்தப் பிள்ளையைச் சேராது என்கிறது 24ஆம் பிரிவு. முடிந்த வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கடை கேமராவில் பதிந்த முகத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் உத்தமர்கள் இதைப் படிப்பது நல்லது.

ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் 'உங்கள் மீது வழக்கு உண்டா' என்ற கட்டம் இன்னும் இருக்கிறது. மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவர், சிறுவயதில் தன்மீது வந்த குற்றச்சாட்டைக் காட்டி வேலையை மறுக்கக் கூடாது என்ற தீர்ப்பைப் பெற, 2019இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் உள்ளதைப் பெறவே இத்தனை அலைச்சல்!

பதினெட்டைத் தாண்டிய கல்லூரி மாணவன் நிலை இன்னும் மோசம். பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான். அதுவும் தண்டனை என்றே பதிவாகும். 'ஒப்புக்கொள், சுலபமாக முடிந்துவிடும்' என்று அவனுக்கு யோசனை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பத் தயங்கச் சொல்வதும், நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குவதுமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958 முதலே இருக்கிறது. நீதிமன்றத்தில் அதைக் கேட்டு வாங்குவது பெற்றோர், வக்கீல் இருவரின் கடமை.