முங்கினது யாரு?

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் ஒரு முத்து வியாபாரி வருகிறான். நல்ல முத்துகளைத் தேடி அலைகிறவன். விலை உயர்ந்த ஒன்றைக் கண்டதும் போய், இருப்பதையெல்லாம் விற்று, அதை வாங்கிவிடுகிறான். இரண்டே வசனம். விண்ணரசு இப்படிப்பட்டது என்கிறார் இயேசு.

தனியாக உட்கார்ந்து விவிலியம் வாசிக்கிறவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று: வியாபாரி நான், முத்து விண்ணரசு. அதை அடைய நான் எதை விட வேண்டும்? கோபத்தையா, குடியையா, கையிலிருந்து இறங்காத செல்போனையா? இன்னொன்று: வியாபாரி கடவுள், முத்து நான். எனக்காக அவர் எல்லாவற்றையும் இழந்தார். முதலாவது உறுத்தும், இரண்டாவது தேற்றும். இரண்டும் நல்ல வாசிப்புகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டிலும் கதையின் நடுவில் நான்தான் நிற்கிறேன். வாங்குகிறவனாக இருக்கிறேன், அல்லது வாங்கப்படும் விலைமதிப்புள்ள பொருளாக.

தூத்துக்குடியில் ஒரு அன்பியக் கூட்டத்தில் இதே பகுதியை வாசித்தோம். (தெரியாதவர்களுக்கு: கத்தோலிக்கப் பங்குகளில் பக்கத்துக் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, வசனம் வாசித்துப் பேசுகிற ஏற்பாடு அன்பியம்.) நான் இதை விடணும், நான் அதை விடணும் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தோம். சங்கு குளித்துக் குளித்து ஒரு காது கேட்காமல் போன தாத்தா ஒருவர் மூலையில் இருந்தார். அவர் முறை வந்தபோது கேட்டார்: "வியாபாரி வாங்குனான், சரி. முங்குனது யாரு? அவனப் பத்தி ஒண்ணும் போடலியா?"

கூட்டத்தை நடத்தியவர் சிரித்துவிட்டு, "உவமைக்கு அது தேவையில்ல தாத்தா" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். உவமை ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சொல்லப்படுவது. விதைக்கிறவன் உவமையில் நிலம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாக் கதையிலும் எல்லோரையும் சேர்க்கச் சொன்னால் கதையே சொல்ல முடியாது. இருந்தாலும் அந்தக் கேள்வியை என்னால் உதற முடியவில்லை. காரணம், இந்த ஊரில் அது கற்பனைக் கேள்வி இல்லை.

இயேசு வாழ்ந்த அதே முதலாம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் ஒரு கடல் வணிகக் கையேடு எழுதினார். 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்பார்கள். அதில் கொற்கை வருகிறது. இன்று தாமிரபரணி ஓரம், கடலை விட்டுத் தள்ளிக் கிடக்கும் அதே கொற்கைதான். அங்கே முத்துக்குளித்தல் நடக்கிறது, தண்டனைக் கைதிகள் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து ரோமச் சந்தைக்குப் போன நல்ல முத்துகளில் பெரும்பகுதி பாரசீக வளைகுடாவிலிருந்தோ நம் மன்னார் வளைகுடாவிலிருந்தோ போனவை. கலிலேயாவில் உட்கார்ந்து உவமை கேட்ட ஒருவர் மனத்தில் விலை உயர்ந்த முத்து என்று ஒன்று தோன்றியிருந்தால், அது இந்தக் கடலில் ஒரு கைதி மூச்சடக்கி எடுத்ததாகவும் இருந்திருக்கலாம். வியாபாரி தனக்கிருந்ததை எல்லாம் தானே மனமுவந்து விற்றான். கைதிக்கு விற்க ஒன்றுமில்லை, எல்லாமே ஏற்கெனவே பறிக்கப்பட்டுவிட்டது.

13ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரம் சொல்லிச் சுறாவைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்கிறார். முங்குகிறவர்கள் வியாபாரிகள் பிடித்துவந்த கூலிகள். பிரிட்டிஷ் காலத்துச் சலாபங்களில் சிப்பிகளைப் பிளக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது ஏலம் எடுத்தவரின் சூதாட்டம். முங்கியவருக்கோ காலில் கட்டிய கல், இடுப்பில் கயிறு, பல பாகம் ஆழம், ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான மூச்சு. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பது மனைவியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்குச் சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற கணக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. அதன் பிறகு பாரில் குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவில்லை. சங்குக்குத்தான் இன்றும் முங்குகிறார்கள்.

இந்தக் கரையில் விவிலியம் கைக்கு வந்த கதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1530களில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துப் பாரின் மீதான உரிமைச் சண்டையில் போர்ச்சுக்கீசியப் பாதுகாப்பு தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றீக்கஸ் தமிழை ஒழுங்காகக் கற்றவர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 1586இல் வந்த 'அடியார் வரலாறு' எல்லாம் அவர் செய்தவை. அச்சுக்கான பணம் முத்துக்குளித்துறைப் பரதவர்களுடையது. அதாவது, தமிழின் முதல் அச்சுப் புத்தகங்களில் முங்கியவர்களின் மூச்சும் இருக்கிறது. ஆனால் அவை செபமும் மறைக்கல்வியும் புனிதர் வரலாறும்தான், விவிலியம் இல்லை. 1564க்குப் பிறகு தாய்மொழியில் விவிலியம் வாசிக்க ஒரு கத்தோலிக்கருக்கு எழுத்து மூலம் அனுமதி தேவைப்பட்டது. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன்கள், 1714–15இல். நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் பள்ளிக்கூடமும் வேதாகமமும் கைகோத்து வந்தன. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, எல்லோரும் வாசியுங்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965இல். இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பு 1995இல்தான் வந்தது.

ஆகவே, ஒரு மீனவப் பெண் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கடியில் தானே ஒரு அதிகாரம் வாசிக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை. நாலரை நூற்றாண்டு அதற்கு ஆகியிருக்கிறது. தனி வாசிப்பை நக்கலடிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். "வசனத்தை உங்க இஷ்டத்துக்கு வளைக்கிறீங்க" என்று சொல்வது எளிது. வளைக்காமல் வாசித்த நிறுவனம் எது?

ஆனாலும் கைமாறும்போது ஒன்று தொலைந்தது. மனப்பாடச் செபத்தில் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், எல்லோரும் சொல்கிற அதே வரிகளைத்தான் நானும் சொல்ல வேண்டும். புத்தகம் கையில் இருந்தால் தேர்ந்தெடுக்கலாம். புத்தாண்டு இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி வருகிற ஒன்று எரேமியா 29:11. கடவுள் உங்களுக்காக நல்ல எதிர்காலத்தை எண்ணி வைத்திருக்கிறார் என்ற பொருளில் வரும் வசனம். அட்டையில் ரோஜாப்பூவும் இருக்கும். அதற்கு முந்தைய வசனம் அட்டையில் வராது. எழுபது ஆண்டு கழித்துத்தான் என்கிறது அது. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அங்கேயேதான் சாகப்போகிறார்கள். வாக்கு ஒரு கூட்டத்துக்கு, அதிலும் பெரும்பகுதி பேரப்பிள்ளைகளுக்கு. நாம் அதை எடுத்து இந்த வருட வேலைக்கான நேர்காணலுக்குப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

இதில் நான் கறாராக இருக்கத் தயாரில்லை. புயல் எச்சரிக்கை வந்து, போன படகு இன்னும் திரும்பாத வீட்டில் ஒருத்தி அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "அக்கா, இது நாடுகடத்தப்பட்டவங்களுக்கு எழுதுனது" என்று சொல்கிறவனைக் கடலில் தள்ளலாம். அவளுக்கு அது தேவை. எனக்குத் தேவை இல்லாத நாளிலும் அதே இடத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பதுதான் சிக்கல். ஆன்மிக வளர்ச்சி என்று நாம் சொல்வது, வசனத்துக்கு வசனம் என்னைப் பற்றி மேலும் மேலும் தெரிந்துகொள்வது மட்டும் என்றால், அது வளர்ச்சியா, வெறும் பெருக்கமா?

தாத்தாவின் கேள்வியோடு வாசிக்க ஆரம்பித்தபோது ஒன்று தெரிந்தது. நான் வெளியிலிருந்து சமூகவியலைக் கொண்டுபோய் விவிலியத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை. அதுவே கணக்கு வைத்திருக்கிறது. சாலமோன் கட்டிய ஆலயத்தின் பொன்னை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1 அரசர்கள் 5ஆம் அதிகாரமோ ஆள் கணக்கும் சொல்கிறது: லெபனோனுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் 30,000, சுமை தூக்கியவர்கள் 70,000, மலையில் கல் உடைத்தவர்கள் 80,000. 12ஆம் அதிகாரத்தில், அந்த நுகத்தைக் குறைக்கச் சொல்லி மக்கள் சாலமோனின் மகனிடம் வந்து நிற்கிறார்கள். அவன் கேட்கவில்லை, நாடு இரண்டாகிறது. ஆலயத்தின் அழகைத் தியானித்துவிட்டு இதைப் புரட்டிக்கொண்டு போவது என் பழக்கம்தானே தவிர, புத்தகத்தின் குறை இல்லை.

முத்துக்கும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. திருவெளிப்பாடு 18இல் பாபிலோன் விழுகிறது. வியாபாரிகள் அழுகிறார்கள், தங்கள் சரக்கை இனி வாங்க ஆளில்லையே என்று. சரக்குப் பட்டியல் நீளமானது. பொன், வெள்ளி, இரத்தினக் கல் என்று தொடங்கி, அடுத்ததாக முத்து. பிறகு துணி, மரம், தந்தம், நறுமணப் பொருள், மது, எண்ணெய், மாவு, ஆடு மாடு, குதிரை, வண்டி. கடைசியில் மனித உடல்கள், மனித உயிர்கள். முத்தும் அதை எடுத்த அடிமையும் ஒரே பில்லில். மத்தேயுவின் வியாபாரியைப் போற்றிய அதே புத்தகம்தான் இந்த வியாபாரிகளையும் காட்டுகிறது. ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது, அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. மூன்று அதிகாரம் தள்ளிப் போனால் புதிய எருசலேம். பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொன்றும் ஒற்றை முத்து. அடிக்கல்களில் பன்னிரண்டு திருத்தூதர்களின் பெயர்கள், அதில் நான்கு பேராவது வலை இழுத்தவர்கள். வாசல்கள் பகலில் சாத்தப்படுவதில்லை, இரவு அங்கே கிடையாது.

பிறகொரு நாள் இந்த இரண்டு அதிகாரத்தையும் அந்தத் தாத்தாவுக்கு, நல்ல காது இருக்கிற பக்கம் உட்கார்ந்து, சத்தமாக வாசித்துக் காட்டினேன். சரக்குப் பட்டியலுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். முத்து வாசல் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "வாசலே ஒரு முத்துன்னா, சிப்பி எத்தாம் பெருசு இருக்கும்? எந்தப் பார்ல கெடந்துச்சாம்?" என்றார்.