அடைக்கலப் பொருள்

பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பது அறம் என்பது தமிழர்க்குப் புதிய பாடம் அன்று. சேரர் குடியில் தோன்றியவர் என மரபு போற்றும் இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்று ஒரு காதையையே அமைத்தார். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். பின்னர்க் கோவலன் கொலையுண்டு மதுரையும் எரிந்தபோது, அடைக்கலத்தைக் காக்கத் தவறினோம் என்று வருந்தி அவ்வாயர் முதுமகள் தீப்புகுந்தாள். அவள் செய்த குற்றம் ஏதுமில்லை; ஆயினும் பொறுப்பு தன்னுடையதே எனக் கருதினாள்.

இன்று அடைக்கலத்தின் வடிவம் மாறிவிட்டது. நம் பெயர், முகவரி, நோய், வங்கிக் கணக்கு, அந்தரங்கக் கடிதம் அனைத்தும் எங்கோ ஒரு கணினியில் உறைகின்றன. அதன் நிருவாகியிடம் எல்லா அறைகளின் திறவுகோலும் உண்டு. திறக்க முடிந்தவனுக்குப் பார்க்கும் உரிமையும் உண்டோ?

நாம் வாழும் திருவனந்தபுரமே இதற்கு இரு சான்றுகள் தருகிறது. 2016 ஆகஸ்டில், வெள்ளயம்பலம் பகுதி ஏ.டி.எம். ஒன்றில் அயல்நாட்டார் சிலர் கள்ளக் கருவி பொருத்தி, அட்டை விவரங்களையும் இரகசிய எண்களையும் கவர்ந்தனர். பணம் மும்பையில் எடுக்கப்பட்டது. இது வெளிப்படையான களவு; தீதெனக் கூற எவரும் தயங்கார்.

இரண்டாவது அத்துணை எளிதன்று. 2020இல் கொரோனாத் தொற்றின்போது, தனிமைப்படுத்தப்பட்டோரின் உடல்நல விவரங்களைத் தொகுக்கக் கேரள அரசு ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் துணையை நாடியது. நோக்கம் உயிர் காப்பதே. ஆயினும் ஏப்ரல் 24 அன்று கேரள உயர்நீதிமன்றம், ஆள் அடையாளத்தை நீக்கிய பின்னரே விவரங்களை அந்நிறுவனம் காணலாம் என்றும், மக்களிடம் உண்மையைக் கூறி இசைவு பெறவேண்டும் என்றும் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நன்னோக்கம் இசைவுக்கு ஈடாகாது என்பதே இதில் நாம் கொள்ளத்தக்க கருத்து.

"மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் ஏன்?" என்பர் சிலர். வீட்டிற்குக் கதவு வைப்பவரெல்லாம் உள்ளே குற்றம் புரிபவரா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து உரைத்தனர்.

எனவே நேர்மையான நிருவாகி தன் ஆற்றலுக்குத் தானே எல்லை கேட்பான். தேவையற்ற திறவுகோலைத் திருப்பித் தருவான். தான் எதைத் திறந்தான் என்பது பதிவாவதை இழிவாகக் கருதான். கணக்கேட்டைத் தணிக்கைக்குத் தருவது பொருளாளரை ஐயுறுவது ஆகாதன்றோ?

இவ்வறம் கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. ஒரே கடவுச்சொல்லை எல்லாக் கணக்குகளுக்கும் வைப்பதும், தொலைபேசியில் கேட்டவர்க்கு ஓ.டி.பி. எண்ணைச் சொல்வதும் நம் பொருளை நாமே வீதியில் வைப்பதாகும். மணப்பேச்சிற்கென வந்த பெண்ணின் சாதகத்தையும் படத்தையும் கேளாமல் பலர்க்கு அனுப்புவதும், உறவினரின் நோயை வாட்சப் குழுவில் பரப்புவதும் அதனினும் தீது. அவை பிறர் பொருள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம் ஒருவரையொருவர் நம்பியே வாழ்கிறோம். சங்கத்தின் உறுப்பினர் ஏட்டிலுள்ள ஒவ்வொரு முகவரியும் ஓர் அடைக்கலமே. அதனை மாதரியின் நெஞ்சோடு காப்போமாக.